புஞ்சைக் காவலுக்குக் காமிரா: பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் புஞ்சைகளில் மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் தருணம் வந்துவிட்டால், விவசாயிக்குத் தூக்கம் போய்விடுகிறது. கம்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல் புதர்களில் பகலெல்லாம் படுத்திருக்கும் காட்டுப்பன்றிகள் இருட்டியதும் கூட்டமாக இறங்குகின்றன. அவை தின்பது கொஞ்சம். சாய்த்து மிதிப்பது அதிகம். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய மலையடிவாரத்து ஊர்களின் தொல்லை என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இது, இன்று மலையே கண்ணில் படாத கரிசல் ஊர்களிலும் பேசப்படும் தொல்லையாகிவிட்டது.

முன்பெல்லாம் பரண் கட்டி, தகரத்தைத் தட்டி, நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டு ஆண்கள் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். இன்று பரணில் ஏற ஆள் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பல குடும்பங்களின் உழைக்கும் கைகள் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்குப் போய்விட்டன. விடியற்காலையில் ஆலை வேன் வந்து நிற்கிறது. நாளெல்லாம் மருந்தோடு வேலை செய்கிறவர் இரவில் கண் விழித்துக் காவல் காப்பது ஆகாத காரியம். மறுநாள் அந்தக் கைகள் தடுமாறினால் விளைவு என்ன என்பதை இந்த வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவேதான் ஒரு கம்பம், ஒரு சோலார் தகடு, ஒரு சிம் கார்டு, ஒரு காமிரா என்று புஞ்சைக் காவல் மாறி வருகிறது. இந்த மாற்றத்தில் தவறு ஒன்றும் இல்லை.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. கடைக்காரர் வந்து பகல் பன்னிரண்டு மணிக்குக் காமிராவைப் பொருத்துகிறார். விவசாயியின் செல்போனில் படம் பளிச்சென்று தெரிகிறது. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து ஓர் இரவில் அரை ஏக்கர் கதிர் சாய்ந்து கிடக்கிறது. பதிவைத் தேடினால் கார்டில் கடைசி ஒன்றரை நாள் மட்டும் இருக்கிறது; அல்லது படம் இருந்தும் தேதி தப்பாக இருக்கிறது; அல்லது சிம் கார்டின் டேட்டா தீர்ந்து போயிருக்கிறது. இத்தனைக்கும் காமிரா பழுதாகவில்லை. அதன் அமைப்புகளை, அதாவது 'செட்டிங்ஸ்' என்று செல்போனில் காட்டும் பகுதியை, புஞ்சைக்குத் தக்கபடி யாரும் மாற்றவில்லை. விதைப்புக் கருவியில் துளையின் அளவைப் பயிருக்கேற்ப மாற்றாமல், வாங்கி வந்தபடியே ஓட்டினால் விதைப்பு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும்.

ஆலையிலிருந்து வரும்போது காமிராக்களில் உள்ள அமைப்பு பெரும்பாலும் நகைக்கடைக்கும் வீட்டு வாசலுக்கும் பொருந்துவது. அங்கே தடையில்லா மின்சாரமும் அளவில்லா இணையமும் உண்டு. பார்க்க வேண்டியது பத்தடி தூரத்து மனித முகம். புஞ்சையில் இவை ஒன்றும் இல்லை. ஆகவே அமைப்பைத் தொடுவதற்கு முன் விவசாயி தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டே: என்னத்தைப் பார்க்கப் போகிறோம்? எத்தனை நாள் கழித்து வந்து பார்ப்போம்? இவற்றுக்கு விடை தெரிந்தால் மற்ற எண்களைத் தீர்மானிப்பது கடினமன்று.

1991ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்தில், காபிப் பாத்திரம் ஒன்றை நோக்கி ஒரு காமிராவை வைத்தார்கள். மாடி ஏறி இறங்கிப் போய்ப் பாத்திரம் காலியாக இருப்பதைக் கண்டு ஏமாறாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. படம் சிறியது, கறுப்பு வெள்ளை, அதுவும் விட்டுவிட்டு வருவது. ஆனால் காபி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அதுவே போதுமாக இருந்தது. வலையமைப்பு வழியாகப் படம் பார்ப்பதன் தொடக்கக் கதைகளில் இது ஒன்று. பன்றி வந்ததா, எந்தப் பக்கம் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்பதற்கும் சினிமாப் படம் போன்ற துல்லியம் தேவையில்லை.

காமிராவிலிருந்து படம் இரண்டு வழிகளில் ஓடுகிறது. ஒரே கிணற்றிலிருந்து வயலுக்குப் பெரிய குழாயும் வீட்டுக்குச் சிறிய குழாயும் போட்டது போல என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய குழாய் 'மெயின் ஸ்ட்ரீம்'. இது மெமரி கார்டில் பதிய வேண்டியது. சிறிய குழாய் 'சப் ஸ்ட்ரீம்'. இது செல்போனில் அவ்வப்போது நேரடியாகப் பார்ப்பதற்கு. இரண்டுக்கும் அளவு தனித்தனியே வைக்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பெரிய குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து லைவ் பார்ப்பதால்தான் ரீசார்ஜ் செய்த டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். படம் ஒரு நொடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதைக் குறிப்பது 'பிட்ரேட்'. அது 4 எம்பிபிஎஸ் என்று இருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி கார்டில் நிரம்பும். 64 ஜிபி கார்டு ஒன்றரை நாளைக்குக்கூட வராது. 2 எம்பிபிஎஸ் என்றால் நாளைக்கு 21.6 ஜிபி; இரண்டரை நாள் வரும். அதையே 1 எம்பிபிஎஸ் ஆக்கி, மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும் பதியும்படி வைத்தால் ஓர் இரவுக்கு 5.4 ஜிபிதான் ஆகும். அதே கார்டில் பத்து இரவுகள் நிற்கும். காமிராவும் அதே, கார்டும் அதே. இரண்டு எண்களை மாற்றியதில் ஒன்றரை நாள் பத்து நாளாகிறது. ஆலை வேலைக்குப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் புஞ்சைக்கு வருவார் என்றால், ஒரு வாரத்துக்குக் குறையாமல் பதிவு நிற்க வேண்டும் அல்லவா?

சிறிய குழாய்க்கு 256 கேபிபிஎஸ் போதும். ஒரு மணி நேரம் பார்த்தாலும் 115 எம்பிக்கு மேல் போகாது. 1 எம்பிபிஎஸ் அளவில் பார்த்தால் அதே ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி போகும். 'கிளவுட்' என்று சொல்லி நாள் முழுவதும் படத்தை வெளியூர்க் கணினிக்கு ஏற்றும் திட்டத்தைச் சில கடைக்காரர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 1 எம்பிபிஎஸ் அளவில் அப்படி ஏற்றினால் நாளைக்கு 10.8 ஜிபி டேட்டா வேண்டும். சிம் கார்டை நம்பியிருக்கும் புஞ்சைக்கு அது ஒத்துவராது. அசைவு தெரிந்த சிறு துண்டுகளை மட்டும் ஏற்றுவதாக இருந்தால் யோசிக்கலாம். திருடன் காமிராவையே கழற்றிக்கொண்டு போனாலும் அந்தத் துண்டு மிஞ்சும்.

ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதை 25 என்றே வைத்திருப்பார்கள். 10 என்று குறைத்தால் பன்றியின் நடை தெரியாமல் போய்விடாது. படத்தின் அளவு 1080 போதும். எட்டு மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யும் காமிராவில் இரவுப் படம் அதனால் மட்டும் தெளிந்துவிடுவதில்லை. இருட்டில் வேலை செய்வது வெளிச்சமும் லென்சும்தான். சுருக்கும் முறையில் எச்.265 என்று இருந்தால் பெரிய குழாய்க்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய எச்.264 முறைக்கு ஆகும் இடத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே அதே தரமான படத்தை அது அடக்கிவிடும். விலை குறைந்த பழைய செல்போனில் எச்.265 திணறக்கூடும் என்பதால் சிறிய குழாயை எச்.264 முறையிலேயே விட்டுவிடலாம்.

இனி அசைவைக் கண்டு பதியும் முறை. விவசாயிகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இப்போது வரும் காமிராக்களில் மனிதரை மட்டும், வாகனத்தை மட்டும் அடையாளம் கண்டு பதியும் வசதி உண்டு. தேவையில்லாத எச்சரிக்கை வராது என்று கடைக்காரர் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். பன்றி மனிதர் அல்லவே! இருபது பன்றிகள் வரிசையாக நடந்து போனாலும் காமிரா அதைப் பொருட்படுத்தாது. மக்காச்சோளம், நிலக்கடலைக் காவலுக்கு இந்த வசதியை மூடிவிட்டு, சாதாரண அசைவுப் பதிவைத் திறக்க வேண்டும்.

அப்படித் திறந்தால் வேறு தொல்லை வரும். காற்றில் தோகை ஆடினாலும் பதியும், மின்னல் அடித்தாலும் பதியும். சிவகாசிப் பக்கத்தில் தூரத்தில் வாணம் வெடித்தாலும் பதியும். புலிக் கணக்கெடுப்பில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியக் காடுகளில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைக்கப்பட்டன. விழுந்த படங்கள் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. அங்கே பிரித்துப் பார்க்க அறிஞர்களும் கணினிகளும் உண்டு. புஞ்சைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? எனவே காமிராவின் பார்வையில் எந்தப் பகுதியின் அசைவைக் கவனிக்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டிவிட வேண்டும். பயிரை விட்டுவிட்டு, வரப்பையும் பன்றி நுழையும் பள்ளத்தையும் மட்டும் கட்டம் கட்டினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். தடத்தைப் பார்த்து நுழைவாயைக் கண்டுபிடிப்பது விவசாயிக்குத் தெரிந்த கலை. காமிராவை அங்கே திருப்ப வேண்டும். அசைவுக்கு 5 நொடி முன்னாலிருந்தும், அசைவு நின்ற பிறகு 30 நொடி வரையும் பதியும்படி வைத்தால் கூட்டத்தில் எத்தனை என்பதும் தெரியும். உணர்திறனை முதல் இரவில் நடுவில் வைத்து, மறுநாள் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். முதல் நாளே சரியாக அமைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

காமிராவின் முகத்தில் சிலந்தி கூடு கட்டுவதும் சாதாரணமாக நடக்கிறது. இரவில் எரியும் அகச்சிவப்பு விளக்கு அந்த நூலில் பட்டு, திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். மார்கழிப் பனியிலும் இதே கதைதான். வாரம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. இரவிலும் வண்ணப் படம் வேண்டும் என்று வெள்ளை விளக்கை எரியவிடுகிறவர்கள், விளக்குப்பொறி எதற்காக வைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சிகளைப் பயிருக்குப் பக்கத்தில் விருந்துக்கு அழைப்பானேன்?

சோலாரில் பாட்டரியை மட்டும் நம்பி ஓடும் காமிராக்கள் பல எப்போதும் விழித்திருப்பவை அல்ல. அசைவு தெரிந்த பிறகுதான் கண் விழித்து, பத்துப் பதினைந்து நொடி பதிந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அவற்றில் மேலே சொன்ன முழு இரவுப் பதிவுக் கணக்கு செல்லாது. ஒரு பதிவின் நீளத்தையும், அடுத்த பதிவுக்கு முன் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓய்வு இரண்டு நிமிடம் என்று இருந்தால் முதல் பன்றியைத்தான் பார்க்கலாம், பின்னால் வந்த கூட்டத்தை அல்ல. வாங்குகிறபோதே இது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் கடிகாரம். அயல்நாட்டில் தயாரான பல காமிராக்களில் சீன நேரம் இருக்கும். அது இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இரவு 11 மணிக்கு வந்த பன்றி, மறுநாள் அதிகாலை 1.30க்கு வந்ததாகப் படத்தில் அச்சாகிவிடும். மணி மட்டுமல்ல, தேதியே மாறிவிடுகிறது. நேர மண்டலத்தை 5.30 என்று வைத்து, கோடைக்கால நேர மாற்றம் என்பதை மூடி, இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரி செய்துகொள்ளும் 'என்டிபி' என்பதைத் திறந்துவிட வேண்டும். மின்சாரமோ பாட்டரியோ அற்றுப்போய்த் திரும்பி வரும்போது சில காமிராக்கள் பழைய ஆண்டு ஒன்றைக் காட்டத் தொடங்கும். அதற்கும் இதுவே தீர்வு. ஐந்து நிமிட வேலை.

தேதிக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. விவசாயி தானே அதைக் கொல்ல முடியாது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் நடமாடும் பன்றிகளைத் தொடுவதில்லை, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிப்பது, 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு மலையடிவாரத்தில் இந்தத் தூரக் கணக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது. பன்றி எந்த நாள், எந்தச் சர்வே எண்ணில் நின்றது என்று மனுவோடு காட்டினால் அந்த மனுவுக்கு எடை உண்டு. விளைவித்தது பன்றியா, பக்கத்துப் புஞ்சை மாடா என்று ஊருக்குள் எழும் சண்டைக்கும் இதுவே தீர்ப்பு. தேதி தவறிய படத்தை எதிராளி ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்.

மோட்டார், வயர் திருட்டு போலீஸ் வரை போனால் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது உரிய சான்றிதழும் வேண்டும் என்கிறது. செல்போன் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கார்டை அழியவிடுவது பெரிய பிழை. கார்டு நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும் அமைப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் சம்பவம் நடந்தவுடன் அந்தத் துண்டை மூலப் பதிவாகவே இறக்கிக்கொண்டு, கார்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, வேறு கார்டைப் போட வேண்டும். போடும் கார்டு காமிராவுக்கென்று விற்கும் நீடித்து உழைக்கும் வகையாக இருக்கட்டும். அதைக் காமிராவிலேயே ஒரு முறை 'பார்மட்' செய்துவிட வேண்டும்.

காமிராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது, மோட்டார் ரூம் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். 2016இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், இப்படி ஆலைப் பாஸ்வேர்டோடு கிடந்த காமிராக்களை உலகெங்கும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையத் தளங்களையே முடக்கிவிட்டது. நான்கு பங்காளிகள் சேர்ந்து ஒரு காமிரா வாங்குவது சிறு விவசாயிகளுக்கு நல்ல யோசனைதான். ஆனால் எல்லாரும் ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளாமல், ஒருவர் உரிமையாளராக இருந்து மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் பகிர்ந்து கொடுக்கலாம். பம்பு செட் தொட்டியில் பெண்கள் குளிப்பார்கள், களை எடுக்க வந்தவர்கள் மரத்தடியில் சேலை மாற்றுவார்கள். அந்தப் பக்கம் காமிரா திரும்பவே கூடாது. திருப்புவதைத் தவிர்க்க முடியாத இடத்தில், அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் 'பிரைவசி மாஸ்க்' என்ற அமைப்பு உண்டு. கூலிக்கு ஆள் கிடைக்காத இந்த வட்டாரத்தில், காமிரா வைத்து வேலை வாங்குகிறார் என்ற பெயர் எடுத்தவர் புஞ்சைக்கு அடுத்த ஆண்டு யாரும் வரமாட்டார்கள்.

பரண் காவலை விரும்பும் பெரியவர்கள், காமிரா பன்றியை விரட்டுமா என்று கேட்கிறார்கள். விரட்டாது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பன்றி எந்த நாட்களில், எந்த நேரத்தில், எந்த மூலையில் நுழைகிறது என்று ஒரு வாரப் பதிவு சொல்லிவிட்டால், ஏழு இரவும் விழிக்க வேண்டியதில்லை. அந்த மூலையில் மட்டும் வேலியைப் பலப்படுத்தலாம். இது தெரியாததால்தான் சிலர் புஞ்சையைச் சுற்றி நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பியைக் கட்டுகிறார்கள். யானையும் மனிதரும் அதில் மாண்டிருக்கிறார்கள். மின்வேலிக்கு 2023இல் தனி விதிகளே வந்துவிட்டன. பதிவு செய்யாமல் கட்டுவது குற்றம். வெடிமருந்து புழங்கும் வட்டாரம் என்பதால் நாட்டு வெடி வைக்கத் துணிகிறவர்களும் உண்டு. அதைக் கடிப்பது பன்றியாகத்தான் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மேய்ச்சலுக்குப் போன சொந்த மாடாகவும் இருக்கலாம்.

காமிரா விற்கிறவர்களிடம் விவசாயிகள் ஒரு நிபந்தனை போட வேண்டும். பொருத்திய அன்று முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. ஓர் இரவு கழிய வேண்டும். மறுநாள் காலையில் கடைக்காரர் முன்னிலையில், லைவ் படத்தை அல்ல, முந்தைய இரவு 2 மணிப் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். பதிவு இருக்கிறதா, தேதியும் மணியும் சரியா, நாய் ஓடியதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். படம் தெரிகிறது என்பதும் படம் பதிகிறது என்பதும் ஒன்றல்ல. வட்டாரங்களில் நடக்கும் உழவர் பயிற்சிகளிலும் சொட்டுநீர்க் குழாய் அடைப்பை நீக்கக் கற்றுக்கொடுப்பது போல இதற்கும் அரை மணி ஒதுக்குவது தகும். கருவியைக் காட்டுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொருவர் செல்போனிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணை மாற்ற வைக்க வேண்டும்.

தை பிறந்து கதிர் களத்துக்கு வந்துவிட்டால் காமிராவையும் களத்துக்கு மாற்றலாம். அங்கே பழைய அமைப்பு உதவாது. காவல் இப்போது பன்றிக்கு எதிராக அல்ல, மூட்டை தூக்குகிறவருக்கு எதிராக. மூடி வைத்த மனித அசைவுப் பதிவைத் திறந்து, ஒரு நொடிக்கு 15 படம், 2 எம்பிபிஎஸ் என்று கூட்டி, கம்பத்தைக் களத்துக்கு இருபது முப்பது அடிக்குள் நட வேண்டும். கார்டில் நாட்கள் குறையும். களத்தில் சரக்கு கிடப்பதும் சில நாட்கள்தானே.